187-ஆம் எண் ஓட்டத்தை முடித்தார்: ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி அணைப் பூங்கா சாலை ஓட்டத்தை நடத்தும் குழுவினருக்கு,

அடுத்த ஆண்டு முதல் 10 கிலோமீட்டர் ஓட்டத்தை 75 நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டும் என்றும், முடியாதவர்கள் 3 கிலோமீட்டர் நடையில் மட்டும் பெயர் கொடுக்கலாம் என்றும் அறிவித்திருக்கிறீர்கள். போக்குவரத்துக்கு இடையூறு, தன்னார்வலர்கள் நெடுநேரம் வெயிலில் நிற்க நேர்கிறது, பந்தயத்தின் தரம் குறைகிறது என்று மூன்று காரணங்களும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மூன்றையும் பலமுறை படித்தேன். அன்று காலை நடந்தவற்றில் எதற்குமே பின்னால் வந்தவர்கள் காரணமில்லை என்பதை நேரில் கண்டவள் நான். முன்னால் ஓடியவர்களோடும் இருந்தேன், கடைசியாக வந்தவரோடும் இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 41. கிருஷ்ணகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஓட்டக்குழுவில் பதினேழு பேர் இருக்கிறோம். அலுவலகம் கிடையாது, சீருடை கிடையாது, குழுவுக்கு இன்னும் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. வார நாட்களில் காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் கூடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அணைச் சாலையில் ஓடுவோம். பேருந்து நடத்துநர் ஒருவர் இருக்கிறார், மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கும் அக்காள் தங்கை இருவர் இருக்கிறார்கள், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஓய்வுபெற்ற கிராம உதவியாளர் ஒருவர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பூ விற்கும் அக்காவும் இருக்கிறார். இந்த மடல் பெரும்பாலும் அவரைப் பற்றியதுதான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். உங்கள் பதிவேட்டில் அவர் 187-ஆம் எண்.

அக்காவுக்கு வயது 57. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வீடு வீடாக வந்த சுகாதாரப் பணியாளர்தான் அவருக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தார். "மாத்திரையோடு நடையும் வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை அக்கா நடந்ததெல்லாம் பூக்கூடையோடுதான். கூடையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு மைதானத்தை ஒரு சுற்று நடந்த முதல் நாளில், யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். இரண்டு ஆண்டுகளில் அந்த நடை ஓட்டமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை 10 கிலோமீட்டரை ஏறத்தாழ 92 நிமிடங்களில் முடிப்பார். நின்று மூச்சு வாங்கமாட்டார். ஒரே சீராக, தறி ஓடுவதுபோல ஓடுவார்.

உங்கள் விளம்பரத்தை அவரிடம் காட்டியவள் நான். 'சர்க்கரை நோய் விழிப்புணர்வு ஓட்டம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். கீழே, 'வயது வரம்பில்லை, அனைவரும் வருக' என்றும் இருந்தது. நேர வரம்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கட்டணம் 300 ரூபாய். முகூர்த்தம் இல்லாத நாளில் அக்காவின் கையில் மிஞ்சுவது அவ்வளவுதான். அவர் அந்தப் பணத்தைப் பத்தும் இருபதுமாகச் சுருட்டி ஒரு மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். பதிவு செய்யும் மேசையில் இருந்த தம்பி பொறுமையாக எண்ணி வாங்கிக்கொண்டார். அந்தத் தம்பியை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

இனி அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

ஆறு மணிக்கு ஓட்டம் தொடங்கும், ஐந்தரைக்கே வந்துவிட வேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தீர்கள். நாங்கள் ஐந்தேகாலுக்கே பூங்கா வாசலில் இருந்தோம். மார்ச் மாதம் என்றாலும் அணைப் பக்கத்துக் காற்றில் அப்போது குளிர் இருந்தது. ஓடுவதற்கு அதைவிட நல்ல வேளை கிடையாது. ஆறு மணி ஆயிற்று, ஆறேகாலும் ஆயிற்று. சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருப்பதாக ஒலிபெருக்கியில் சொன்னீர்கள். ஆறரைக்கும் அதையே சொன்னீர்கள். உடலைச் சூடாக்கி நின்றவர்கள் ஆறி, உட்கார்ந்து, மறுபடியும் எழுந்து நின்றார்கள். விருந்தினர் வந்தபோது ஆறே முக்கால். அதன் பிறகு பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை. கொடி அசைந்தபோது என் கைக்கடிகாரத்தில் மணி 7.10.

அந்த எழுபது நிமிடங்களை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முன்வரிசையில் ஓடியவர்களுக்கு நீங்கள் செய்த ஏற்பாட்டில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். வழிகாட்ட பைக் போயிற்று, புகைப்படக்காரர் போனார், ஆம்புலன்ஸும் அவர்களுக்குப் பின்னாலேயே போயிற்று. பெரியமுத்தூர்ப் பக்கம் வளைவுகளில் இளைஞர்கள் கொடியோடு நின்று வழிகாட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் நன்றாகவே ஓடினேன். திருப்பத்தில் இருந்த தண்ணீர் மேசையில் இரண்டு தம்ளர் குடித்தேன். என் முன்னால் ஓடியவர்கள் செய்ததைப் பார்த்து, மூன்றாவது தம்ளரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். மேசைக்கு அடியில் இரண்டே இரண்டு கேன்கள் இருந்ததைப் பார்த்தும் ஊற்றிக்கொண்டேன். அந்த ஒரு தம்ளர் தண்ணீரை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

திருப்பத்தைப் பற்றி இன்னொன்று. வரைபடத்தில் திருப்பம் 5 கிலோமீட்டரில் இருந்தது. அதைக் காட்டுவதற்காக நிறுத்தியிருந்த பைக்கை, வெயில் ஏற ஏற, நிழலுக்காக அடுத்த புளியமரம் வரை தள்ளிப்போய் நிறுத்திவிட்டார்கள். போக முந்நூறு மீட்டர், வர முந்நூறு மீட்டர். எங்கள் குழுவில் மூவர் கையில் தூரம் காட்டும் கடிகாரம் இருந்தது. மூன்றும் 10.6 கிலோமீட்டரை ஒட்டியே காட்டின. அப்படிப்பட்ட கடிகாரங்கள் கொஞ்சம் முன்பின்னாகக் காட்டுவது உண்டு, ஆனால் மூன்றும் சேர்ந்தாற்போல் அறுநூறு மீட்டர் கூட்டிக் காட்டாது. சாலை ஓட்டத்தின் தூரத்தை, சக்கரச் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளால் அளப்பதுதான் உலகத் தடகள அமைப்பு ஏற்றுக்கொண்ட முறை. 10 கிலோமீட்டருக்குக் கூடுதலாகப் பத்து மீட்டர் மட்டும் சேர்த்து அளப்பார்கள், தூரம் ஒருபோதும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. பத்து மீட்டருக்கே அங்கே கணக்கு உண்டு. நிமிடக் கணக்கில் ஆட்களைக் கழிக்க நினைக்கும் நீங்கள், தூரத்தை ஒரு பைக்கை நம்பி விட்டிருந்தீர்கள்.

நான் 8.12-க்கு முடித்தேன். பதக்கம் போட்டார்கள், வாழைப்பழமும் மோரும் கொடுத்தார்கள். எங்கள் குழுவினர் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எட்டேகால் மணிக்கு மேடையில் பரிசளிப்பு தொடங்கியது. அப்போது சாலையில் இன்னும் எத்தனை பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்று மேடையில் யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? எங்கள் குழுவில் அன்று ஓட வந்தவர்களிலேயே ஐந்து பேர் வரவேண்டியிருந்தது. வெயில் கன்னத்தில் சுடத் தொடங்கியிருந்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடினேன்.

போகும் வழியில் பார்த்ததைச் சொல்கிறேன். வளைவில் கொடியோடு நின்ற இளைஞர்கள் இல்லை. குறுக்கே கட்டியிருந்த கயிறு அவிழ்த்து ஓரமாகக் கிடந்தது. அணைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வேன்கள் ஒலி எழுப்பிக்கொண்டு வந்தன. செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று, ஓடி வந்த நம் நடத்துநர் அண்ணனை மண் ஓரத்துக்கு இறக்கிவிட்டுப் போனது. முதல் தண்ணீர் மேசை மடித்து மரத்தில் சாய்த்திருந்தது. மிதிபட்ட காகிதத் தம்ளர்கள் சாலை முழுவதும் கிடந்தன. அவை இல்லையென்றால் அங்கே பந்தயம் நடந்ததாகவே தெரிந்திருக்காது.

அக்காவை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் சந்தித்தேன். முகம் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தார், அதே சீரில். "திருப்பத்தில் கேன் காலியாக இருந்தது கண்ணு," என்றார். "கவிழ்த்து வைத்திருந்தார்கள். பையன் ஒருவன் நின்றிருந்தான். அவனே தாகத்தோடுதான் நின்றிருந்தான், பாவம்." அங்கிருந்து சிறிது தூரத்தில், வாய்க்கால் ஓரத்து வீட்டில் ஓர் அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா போய்த் தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த அம்மா வாளித் தண்ணீரைக் கொடுக்கவில்லை. உள்ளே போய், பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொண்டுவந்து, "நின்று குடி, அவசரப்படாதே" என்று சொல்லி, அக்கா குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறார். பிறகு தன் முந்தானையை நனைத்து அக்காவின் கழுத்தில் ஒற்றி எடுத்திருக்கிறார்.

இந்த அணையின் இடது, வலது வாய்க்கால்கள் 9,012 ஏக்கர் நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. அந்த வாய்க்கால் ஓரமாக ஓடியவர், 300 ரூபாய் கட்டிவிட்டு, வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்க வேண்டியதாயிற்று. கோடையில் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம் ஊரில் புதிதல்ல. பந்தல் வைத்தவர்கள், முதலில் வந்த ஐம்பது பேருக்கு ஊற்றிவிட்டுப் பானையைக் கவிழ்த்துவிட்டுப் போகமாட்டார்கள்.

சர்க்கரை நோயாளிக்கு இது வெறும் தாகம் இல்லை என்பதை, அந்த நோயின் பெயரில் ஓட்டம் நடத்தும் உங்களுக்கு நான் சொல்ல நேர்ந்ததில் வருத்தப்படுகிறேன். நெடுநேரம் ஓடினால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்தான அளவுக்கும் இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். வெயில் தாக்கினாலும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள்தான். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால், ஆளை அங்கேயே நிழலில் கிடத்திக் குளிர்ந்த தண்ணீரால் உடலைக் குளிர்விக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரை காத்திருக்கக் கூடாது. அதற்கும் தண்ணீர் வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். இரண்டும் பின்னால் இல்லை. ஆம்புலன்ஸ் முதல் ஆளோடு திரும்பி வந்து மேடைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. முப்பத்தைந்து நிமிடத்தில் முடித்துவிடும் இளைஞனைவிட ஒன்றரை மணி நேரம் வெயிலில் இருப்பவருக்குத்தானே அது தேவைப்படும்? அக்கா தன் இடுப்புப் பையில் கடலை மிட்டாய் இரண்டு வைத்திருந்தார். நல்லபடியாக வந்து சேர்ந்தார் என்றால் அதற்கு அந்தக் கடலை மிட்டாயும் வாய்க்கால் வீட்டு அம்மாவும்தான் காரணம்.

கடைசி இரண்டு கிலோமீட்டரை நாங்கள் சேர்ந்து ஓடினோம். அதிகம் பேசவில்லை. பூங்காவை நெருங்கும்போது மீன் கடைகளில் எண்ணெய் காய்ந்து, வறுவல் வாசம் சாலைக்கு வந்துவிட்டிருந்தது. கடைக்காரப் பெண் ஒருவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று குரல் கொடுத்தார். அக்கா வேகத்தைக் கூட்டினார். அவ்வளவு நேரம் ஓடிய பிறகும் கடைசி இருநூறு மீட்டருக்கென்று எதையோ மிச்சம் வைத்திருந்தார். அதற்கு அவர் பல மாதம் பழகியிருந்தார்.

வளைந்து திரும்பினோம். முடிவிடத்தில் காற்றடித்து நிறுத்தியிருந்த வளைவு தரையில் கிடந்தது. இரண்டு பேர் அதன்மேல் படுத்துப் புரண்டு காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியின் ஒயரை ஒருவர் முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்காலிகளை ஏற்றிய டெம்போ பின்பக்கமாக வந்து, சரியாக முடிவுக்கோட்டின் மேல் நின்றிருந்தது. சுண்ணாம்புத்தூளால் போட்ட கோடு. டயர் ஏறி இறங்கிக் கலைந்துபோயிருந்தது.

அக்கா டெம்போவுக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்து தரையைப் பார்த்தார். இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி நகர்ந்து தேடினார். மூச்சிரைக்க என்னைப் பார்த்துக் கேட்டார்: "கோடு எங்கே கண்ணு?"

அவர் பதக்கத்தைக் கேட்கவில்லை, பழத்தையும் கேட்கவில்லை. எங்கே கால் வைத்தால் முடித்ததாகும் என்றுதான் கேட்டார்.

டெம்போவின் சக்கரத்துக்கு அருகே வெள்ளைத்தூள் ஒரு சாண் அளவுக்குக் கலையாமல் இருந்தது. அதைக் காட்டினேன். அக்கா அதைத் தாண்டி நின்று, கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். 8.51. ஒரு மணி 41 நிமிடம்.

பதக்கம் தீர்ந்துவிட்டது என்றார்கள். மோர் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். இவற்றைக்கூட மன்னித்துவிடலாம். மூன்று நாள் கழித்து நீங்கள் வெளியிட்ட முடிவுப் பட்டியலில் 187-ஆம் எண்ணுக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று இருந்தது. நடத்துநர் அண்ணனுக்கும் மாங்கூழ் ஆலைத் தங்கைக்கும் அதே சொல்தான். எட்டரை மணிக்குப் பிறகு வந்தவர்களை எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. எழுத ஆள் இல்லாததற்கு, ஓடியவர் முடிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் மூன்று காரணங்களுக்கு வருகிறேன்.

போக்குவரத்து என்கிறீர்கள். ஆறு மணிக்குக் கொடி அசைத்திருந்தால் அக்கா 7.41-க்கு வந்து சேர்ந்திருப்பார். அணைக்குக் கூட்டம் வருவதற்கு முன்பு, டிராக்டர் கிளம்புவதற்கு முன்பு, வெயில் ஏறுவதற்கு முன்பு. சாலையில் எழுபது நிமிடம் கூடியது மேடையால், ஓட்டக்காரர்களால் இல்லை. எங்களிடமிருந்து எழுபது நிமிடத்தை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு எழுபத்தைந்து நிமிடம் தருகிறோம் என்று அறிவிப்பது என்ன நியாயம்?

தன்னார்வலர்களின் களைப்பு உண்மை. அந்தப் பிள்ளைகள் ஐந்து மணியிலிருந்து நின்றார்கள். அவர்கள் தலையிலும் அதே எழுபது நிமிடம் விழுந்தது. திருப்பத்தில் நின்ற பையனுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனதும் பின்னால் வந்தவர்களால் நேர்ந்ததில்லை.

தரம் என்ற சொல்தான் என்னை மிகவும் காயப்படுத்தியது. 75 நிமிடம் என்றால் ஒரு கிலோமீட்டரை ஏழரை நிமிடத்தில் ஓட வேண்டும். எங்கள் பதினேழு பேரில் ஆறு பேரால்தான் அது முடியும். எங்களில் ஏழு பேர் பெண்கள். அந்த ஏழில் நான் ஒருத்திதான் மிஞ்சுவேன். மற்ற ஆறு பேரும், விடியுமுன் எழுந்து சமைத்து, வீட்டாரிடம் பதில் சொல்லி, அதன் பிறகு ஓட வருகிறவர்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டால் உங்கள் சராசரி நேரம் குறையும். அதைத் தரம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தை அரசு 2023 நவம்பரில் தொடங்கியது. வேகமாக ஓடுகிறவர்களை மட்டும் நினைத்தா இவற்றையெல்லாம் செய்கிறார்கள்? மெதுவாக அசைகிறவர்களை, அசையாமலே இருந்துவிட்டவர்களை வெளியே அழைத்து வருவதுதானே நோக்கம்? உங்கள் பதாகையில் எழுதியிருந்த நோயோடு, உங்கள் பதாகையின் கீழ் ஓடி வந்த ஒருவரைத்தான் தரத்தைக் குறைப்பவர் என்கிறீர்கள்.

நேர வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. உலகெங்கும் பெரிய ஓட்டங்களுக்கு வரம்பு உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில், ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு 12 மணி நேரம் தருகிறார்கள். வரம்பு முடியும் கடைசி நொடிவரை முடிவுக்கோடு நிற்கும், கூட்டமும் நிற்கும். அங்கே அதிக ஆரவாரம் கேட்பதே அந்தக் கடைசி நிமிடங்களில்தான். இங்கிலாந்தில் 2004-இல் ஒரு பூங்காவில் பதின்மூன்று பேரோடு தொடங்கி, இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கும் 5 கிலோமீட்டர் பூங்கா ஓட்டத்தில் ஓர் அருமையான வழக்கம் இருக்கிறது. தன்னார்வலர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசியாக முடிப்பவர் எப்போதும் அவராகத்தான் இருப்பார். அதனால் ஓட வந்த எவரும் கடைசி ஆள் ஆவதில்லை, எவரும் தனியாக விடப்படுவதுமில்லை. இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஓர் ஆள் மனம் வைத்தால் போதும்.

வெயிலில் ஓடியவரைப் பதிவேடு தொலைத்த கதை பழையது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான் கடும் வெயிலில் நடந்தது. போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ ஓடும்போதே விழுந்து மறுநாள் இறந்துபோனார். ஜப்பான் வீரர் சிசோ கனாகுரி பாதி வழியைத் தாண்டித் தளர்ந்து விழுந்தார். வழியிலிருந்த ஒரு குடும்பம் அவரைத் தோட்டத்தில் உட்கார வைத்துக் குடிக்கக் கொடுத்தது. அவர் யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். 1967-இல் ஸ்வீடன்காரர்கள் அவரைத் தேடி அழைத்துவந்து, முடிவுக்கோட்டைத் தாண்ட வைத்து, 54 ஆண்டு 8 மாதம் 6 நாள் என்று நேரத்தை எழுதிக்கொண்டார்கள். அந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். "அவ்வளவு வருஷம் கழித்தும் கோடு போட்டு வைத்தார்களா!" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாங்கள் கேட்பது இவை.

75 நிமிட அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். வரம்பு வேண்டுமென்றால் 10 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் என்று வையுங்கள், அதைக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே விளம்பரத்தில் போடுங்கள், அந்த இரண்டு மணி நேரமும் சாலைத் தடுப்பு, கோடு, வளைவு, கடிகாரம், எழுதுகிற ஆள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும். ஆறு மணி என்றால் ஆறு மணிக்குக் கொடி அசையுங்கள். விருந்தினர் தாமதித்தால் பரிசளிப்பில் பேசட்டும், அதற்கு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்போம். கடைசி ஆள் வந்து சேரும்வரை பரிசளிப்பைத் தொடங்காதீர்கள்.

தண்ணீரைப் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கைக்கு அளந்து வையுங்கள். வெயில் காலத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மேசை வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேன், பின்னால் வருகிறவர்களுக்கென்று மூடி போட்டுத் தனியாக இருக்க வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொஞ்சம் வெல்லமும் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வரட்டும். தூரத்தை முறையாக அளந்து, திருப்பத்தில் சாலையிலேயே பெயின்டால் குறி போடுங்கள்.

எல்லோருக்கும் பின்னால் வரும் ஆளுக்கு நீங்கள் அலைய வேண்டாம். எங்கள் குழுவிலிருந்து எட்டுப் பேர் வருகிறோம். இருவர் கடைசி ஓட்டக்காரரோடு வருவோம், மற்றவர்கள் தண்ணீர் மேசைகளில் நிற்போம். கூலியும் வேண்டாம், டி-ஷர்ட்டும் வேண்டாம். கூட்டம் போடும்போது கூப்பிடுங்கள், நேரில் வந்து பேசுகிறோம்.

இவையெல்லாம் அடுத்த ஆண்டுக்கு. ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். எட்டரை மணிக்குப் பிறகு வந்த அத்தனை பேரையும் அழைத்துக் கேட்டு முடிவுப் பட்டியலைத் திருத்துங்கள். எங்கள் ஐவரின் நேரமும் கடிகாரத்தில் பதிவாகியிருக்கிறது, கொண்டுவந்து காட்டுகிறோம். 187-ஆம் எண்ணுக்கு எதிரே இருக்கும் 'முடிக்கவில்லை' என்பதை நீக்கிவிட்டு, 1 மணி 41 நிமிடம் என்று எழுதுங்கள்.

94-ஆம் எண்ணில் ஓடியவள்,
கிருஷ்ணகிரி